மண்ணைப் பார்த்து டயரைத் தேர்ந்தெடுங்கள்



மலைப்பாதையில் செல்லும் ஒரு சைக்கிளும் அதன் மேல் அமர்ந்திருப்பவரும் பூமியைத் தொடும் இடம் எவ்வளவு என்று எப்போதேனும் எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? கணக்கு எளியதுதான். ஆளும் வண்டியும் சேர்ந்து 90 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதில் 50 கிலோ பின்சக்கரத்தின் மீதும், 40 கிலோ முன்சக்கரத்தின் மீதும் இறங்குகின்றன. டயருக்குள் இருக்கும் காற்றின் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒன்றரைக் கிலோ. ஆகவே பின்டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 33 சதுர சென்டிமீட்டர். முன்டயர் தொடுவது ஏறத்தாழ 27. இரண்டையும் கூட்டினாலும், விரல்களை நீக்கிய ஓர் உள்ளங்கைக்கு மிகாது.

பாறையின் மீது ஏறும்போதும், சரளைக்கல் பரந்த வளைவில் திரும்பும்போதும், மழையில் நனைந்த மரவேர்களின் மேல் இறங்கும்போதும் ஓர் இளைஞனின் எலும்பும் சில வேளைகளில் உயிரும் அந்த உள்ளங்கையளவு ரப்பரை நம்பியே இருக்கின்றன. அப்படியிருந்தும், சைக்கிள் வாங்கும்போது நாம் நிறத்தைப் பார்க்கிறோம். கியர் எத்தனை என்று எண்ணுகிறோம். பிரேக்கை அமுக்கிப் பார்க்கிறோம். டயரை மட்டும் பார்ப்பதில்லை. “வாப்பா, அந்தப் பெரிய பட்டன் டயர்தான் வேண்டும்” என்று பிள்ளை கேட்டால், அதுவே நல்லது போலும் என்று வாங்கித் தந்துவிடுகிறோம். பட்டன் என்று நாம் சொல்வது டயரின் மேல் எழும்பி நிற்கும் ரப்பர் மேடுகளை. அவை பெரிதாக இருந்தால் பிடிப்பு மிகுதி என்பது பாதி உண்மை. மீதிப் பாதியைத்தான் இம்மாதம் பேசவிருக்கிறோம்.

பழைய டயரும் புதிய விளையாட்டும்

இந்த விளையாட்டே ஒரு டயரிலிருந்துதான் பிறந்தது என்றால் வியப்பாக இருக்கும். அமெரிக்காவில் 1933ஆம் ஆண்டு ஷ்வின் நிறுவனம், 26 அங்குல விட்டமும் 2.125 அங்குலப் பருமனும் கொண்ட ‘பலூன்’ டயருடன் ஒரு சைக்கிளைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. பத்திரிகை போடும் சிறுவர்கள் மேடுபள்ளங்களில் ஏற்றி இறக்கினாலும் தாங்கும் வண்டி அது. காலம் மாறியது; மெல்லிய டயர் பூண்ட வண்டிகள் வந்தன; கனத்த பழைய வண்டிகள் கொல்லைப்புறத்திலும் பழைய சாமான் கடைகளிலும் ஒதுங்கின.

1970களில் கலிபோர்னியா மாநிலத்தின் மரின் பகுதி இளைஞர்கள் சிலர் அந்த வண்டிகளைத் தூசி தட்டி எடுத்து, டாமல்பயஸ் மலையையும் அதன் சுற்றுப்புறக் குன்றுகளையும் இறங்கத் தொடங்கினர். 1976 அக்டோபர் 21 அன்று ஃபேர்ஃபாக்ஸ் என்னும் சிற்றூருக்கு அருகே ஒரு மண்பாதையில் முதல் போட்டி நடந்தது. பாதையின் நீளம் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர்; இறக்கமோ 400 மீட்டர். பெடலைப் பின்னோக்கி மிதித்துப் பிடிக்கும் அந்தக்கால பிரேக், கீழே வருவதற்குள் சூடேறி, உள்ளிருக்கும் கிரீஸ் புகையாகிவிடும். மறுபடியும் கிரீஸ் அடைத்தாலன்றி வண்டி உதவாது. அதனால்தான் அந்தப் பாதைக்கே ‘ரீபேக்’ என்று பெயர் வந்தது. ஜோ பிரீஸ் 1977ஆம் ஆண்டு மலைப்பாதைக்கென்றே புதிய சட்டம் கட்டினார். 1979இல் கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் ‘மவுன்டன் பைக்ஸ்’ என்ற பெயரில் தொழில் தொடங்கினர். பின்னர் வந்த சட்டங்களும் கியர்களும் எல்லாம் அந்தப் பருத்த டயருக்குப் பொருந்தும்படி அமைந்தவையே.

1996ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் கிராஸ் கன்ட்ரி என்னும் பிரிவு முதன்முதலாக இடம் பெற்றது. ஆடவரில் நெதர்லாந்தின் பார்ட் பிரென்ட்யென்ஸும், மகளிரில் இத்தாலியின் பாவ்லா பெஸ்ஸோவும் தங்கம் வென்றனர். கிராஸ் கன்ட்ரி என்பது இறக்கத்தில் பாய்வது மட்டுமன்று. நான்கு முதல் ஆறு கிலோமீட்டர் வரை நீளும் ஒரு சுற்றுப்பாதையை, ஏறியும் இறங்கியும், ஒன்றேகால் மணி நேரத்துக்கும் மேலாகப் பலமுறை சுற்றி வர வேண்டும். அந்தப் பாதையில் மண், புல், கல், வேர், சேறு அனைத்தும் இருக்கும். ஏறும்போது இலேசாகவும், திரும்பும்போது பிடிப்பாகவும், கல்லில் மோதும்போது உறுதியாகவும் இருக்கும் டயர் வேண்டும். இம்மூன்றும் ஒன்றுக்கொன்று முரணானவை. ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும். ஆகவே ‘எல்லாவற்றிலும் சிறந்த டயர்’ என்று ஒன்று உலகில் இல்லை. நம் பாதைக்கு ஏற்ற டயர் என்பதே உண்டு.

எண்களைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்

கடைக்குச் செல்வதற்கு முன் டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்வது நலம். 29 x 2.25 என்று ஒன்று இருக்கும். அதனருகிலேயே 57-622 என்று இன்னொன்று இருக்கும். முதலாவது வழக்கில் சொல்லும் பெயர். இரண்டாவதே சரியான அளவு. 57 என்பது காற்றடைத்த டயரின் அகலம், மில்லிமீட்டரில். 622 என்பது ரிம்மில் டயர் அமரும் இடத்தின் விட்டம், அதுவும் மில்லிமீட்டரில். 26 அங்குல மலைச் சைக்கிளுக்கு இந்த எண் 559, 27.5 அங்குலத்துக்கு 584. 29 அங்குலத்துக்கு 622.

பெயரை மட்டும் நம்பினால் எப்படி ஏமாறுவோம் என்பதற்கு நம் வீட்டு வண்டியே சான்று. நம் பாட்டனார் காலம் தொட்டு ஓடிவரும் கறுப்புச் சைக்கிளின் டயர் 28 x 1½. அதன் ரிம் விட்டம் 635. பெயரளவில் 28 ஆக இருப்பது, 29 என்று சொல்லப்படும் மலைச் சைக்கிளின் ரிம்மைவிடப் பெரிது! அதுபோலவே 26 x 1.75 என்று தசமப் புள்ளியில் எழுதியிருப்பதும், 26 x 1⅜ என்று பின்னத்தில் எழுதியிருப்பதும் வேறு வேறு அளவுகள். முன்னது 559, பின்னது 590. ஒன்றின் ரிம்மில் மற்றொன்று அமராது. பழைய டயரின் பக்கவாட்டில் உள்ள அந்த இரண்டாவது எண்ணைத் தாளில் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பணமும் அலைச்சலும் மிஞ்சும்.

சக்கரத்தின் விட்டம் குறித்து நெடுங்காலம் விவாதம் நடந்தது. 29 அங்குலச் சக்கரம் குழியில் விழாமல் கல்லை எளிதாகக் கடந்து செல்லும். சிறிய சக்கரம் விரைவாகத் திரும்பும். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் செக் நாட்டின் யாரோஸ்லாவ் குல்ஹாவி 29 அங்குலச் சக்கரத்திலும், சுவிட்சர்லாந்தின் நினோ ஷுர்ட்டர் 27.5 அங்குலத்திலும் ஓட்டினர். ஒன்றரை மணி நேர ஓட்டத்தின் முடிவில் குல்ஹாவி ஒரே நொடியில் வென்றார். 2016 ரியோவில் ஷுர்ட்டர் 29 அங்குலத்துக்கு மாறி வந்து தங்கம் பெற்றார். இன்று இந்தப் பிரிவின் போட்டியாளர்கள் பெரும்பாலும் 29 அங்குலத்தையே கொள்கின்றனர். எனினும் உங்கள் வண்டியின் சட்டமும் ரிம்மும் எந்த விட்டத்துக்குச் செய்யப்பட்டவையோ அதுவே உங்களுக்கு விதி. மாற்ற இயல்வது பருமனையே.

பருமன் பற்றிய பழைய எண்ணம்

1990களில் மெல்லிய டயரே வேகமானது என்ற கருத்து வேரூன்றியிருந்தது. 1.9 முதல் 2.1 அங்குலம் வரை பருமனுள்ள டயரில் 35 முதல் 45 பி.எஸ்.ஐ. வரை காற்றடைத்து ஓட்டினர். இன்று 2.25 முதல் 2.4 அங்குலம் வரை பருமனுள்ள டயரில் ஏறத்தாழ 20 பி.எஸ்.ஐ. மட்டுமே வைத்து, அதைவிட வேகமாக ஓட்டுகின்றனர். இது எப்படி நிகழ்ந்தது?

டயர் உருளும்போது தரையைத் தொடும் பகுதி நசுங்கி, பின் நிமிர்கிறது. அந்த நசுக்கத்தில் நம் உழைப்பின் ஒரு பங்கு சூடாகி வீணாகிறது. ஒரே அழுத்தத்தில் மெல்லிய டயரும் பருத்த டயரும் ஏறத்தாழ ஒரே பரப்பையே தொடுகின்றன. ஆனால் மெல்லியது நீளவாட்டில் நீண்டு தொடுகிறது. பருத்தது குறுக்காக அகன்று தொடுகிறது. நீண்டு தொடும் டயர் மிகுதியாக வளைந்து நசுங்க வேண்டியிருப்பதால் அதில் இழப்பு கூடுகிறது.

வழவழப்பான தார்ச்சாலையில் மெல்லிய டயரில் அழுத்தத்தை ஏற்றி இக்குறையைச் சரிக்கட்டலாம். கரடுமுரடான பாதையில் அது நடவாது. கல்லாக இறுகிய டயர் ஒவ்வொரு சிறு கல்லிலும் துள்ளும். ஆளும் வண்டியுமான 90 கிலோவையும் அது ஒவ்வொரு முறையும் தூக்கிப் போடுகிறது. தூக்கிய உழைப்பு நம்முடையது. அது திரும்பக் கிடைப்பதில்லை. மென்மையான பருத்த டயரோ கல்லைத் தன்னுள் வாங்கிக்கொண்டு, வண்டியைச் சமமாகச் செல்ல விடுகிறது. கையும் முதுகும் களைப்பதும் குறைகிறது.

அதற்காக மிகப் பருமனாக வாங்கிவிடவும் கூடாது. சட்டத்தின் இருபக்கக் குழாய்களுக்கும் டயருக்கும் நடுவே சேறு ஒட்டினாலும் உரசாத இடைவெளி வேண்டும். ரிம்மின் உள்ளகலமும் பொருந்த வேண்டும். 25 முதல் 30 மில்லிமீட்டர் வரை உள்ளகலமுள்ள ரிம் 2.25 முதல் 2.4 அங்குல டயருக்கு நன்கு இசையும். குறுகிய ரிம்மில் பருத்த டயரை மாட்டினால், வளைவில் திரும்பும்போது டயர் பக்கவாட்டில் சாய்ந்து நெளியும். ஓட்டுபவர் நிலை தடுமாறுவார்.

மண்ணுக்கு ஏற்ற பட்டன்

இனிப் பட்டன்களுக்கு வருவோம். இறுகிய காய்ந்த மண்ணில் ரப்பர் எவ்வளவு மிகுதியாகத் தரையைத் தொடுகிறதோ அவ்வளவு பிடிப்பு. ஆகவே அங்கே குட்டையான, நெருக்கமான பட்டன்களே சிறந்தவை. தளர்ந்த மண்ணிலும் ஈரத்திலும் பட்டன் மண்ணுக்குள் இறங்கிக் கவ்வ வேண்டும்; அங்கே சற்று உயர்ந்த, இடைவெளி விட்ட பட்டன்கள் வேண்டும். கொழகொழத்த சேற்றிலோ பட்டன்கள் உயர்ந்தும் அரிதாகவும் இருந்தால்தான் ஒட்டிய சேறு சுழற்சியில் தெறித்து விழும். நெருக்கமான பட்டன்களில் சேறு அப்பிக்கொண்டால் டயர் வழுவழுத்த உருளையாகிவிடும். சேற்றுக்கான டயர்களைச் சற்று மெல்லியதாகச் செய்வதும் இதனால்தான். அது மேற்சேற்றைக் கிழித்துக்கொண்டு அடியிலுள்ள கெட்டி மண்ணைத் தொட வேண்டும்.

பாறையில் உயர்ந்த பட்டன் பயன் தராது. அது நெளியும். அங்கே மென்மையான ரப்பரும் குறைந்த அழுத்தமுமே பிடிப்பைத் தரும். தார்ச்சாலையிலும் அப்படியே. பட்டனின் நுனிகள் மட்டும் தொடுவதால் மழைநாளில் பெரிய பட்டன் டயர் வழுக்கக் கூடும். வறண்ட நாளில் இரைச்சலிட்டு உழைப்பைத் தின்னும்.

டயரை நடு, ஓரம் என்று இரு பகுதிகளாகப் பாருங்கள். நேராகச் செல்லும்போது நடுப்பட்டன்கள் உருள்கின்றன. வளைவில் சாயும்போது ஓரப்பட்டன்கள் வேலை செய்கின்றன. கிராஸ் கன்ட்ரிக்கு நடுவில் நெருக்கமாகவும் குட்டையாகவும், ஓரத்தில் சற்று எழும்பியும் இருப்பதே பொதுவான அமைப்பு. பட்டனின் முன்முகம் சரிவாகச் சீவப்பட்டிருந்தால் எளிதில் உருளும். பின்முகம் செங்குத்தாக இருந்தால் பிரேக் பிடிக்கும்போது கவ்வும். இதனால்தான் டயரின் பக்கவாட்டில் சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருக்கிறது. மாட்டும்போது அதைக் கவனியுங்கள்.

முன்டயரும் பின்டயரும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. இரண்டின் கடமைகளும் வேறு. முன்டயர் வழி காட்டுகிறது. பின்டயர் இழுத்துச் செல்கிறது. பின்டயர் வழுக்கினால் பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளலாம். முன்டயர் வழுக்கினால் சமாளிக்க நேரமே இருக்காது. ஆகையால் பிடிப்பு மிகுந்ததை முன்னும், எளிதில் உருள்வதைப் பின்னும் மாட்டுவதே அறிவுடைமை. 1990களிலேயே ஜப்பானின் பானரேசர் நிறுவனம் ‘டார்ட்’ என்பதை முன்னுக்கும், ‘ஸ்மோக்’ என்பதைப் பின்னுக்கும் தனித்தனியே செய்து விற்றது. இக்காலத்தில் ஜெர்மனியின் ஷ்வால்பே நிறுவனம் ‘ரேசிங் ரே’யை முன்னுக்கும் ‘ரேசிங் ரால்ஃபை’ப் பின்னுக்கும் இணையாகத் தருகிறது. இத்தாலியின் விட்டோரியா டயர்களில் ஈரத்துக்கு ஏற்ற ‘பார்சோ’வை முன்னும், வறண்ட பாதையில் ஓடும் ‘மெஸ்கால்’ என்பதைப் பின்னும் பூட்டுவோர் உண்டு. பெயர்கள் மாறும், விதி மாறாது.

ரப்பரும் நூலும்

கண்ணுக்குத் தெரியும் பட்டனைவிடக் கண்ணுக்குத் தெரியாத இரண்டு செய்திகள் முக்கியமானவை. ஒன்று, ரப்பரின் கடினம். அதை ஓர் எண்ணால் குறிப்பார்கள். 60ஐ ஒட்டியது கடினமானது; 50 மென்மையானது; 42 ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு மென்மையானது. மென்மையான ரப்பர் கல்லின் ஒவ்வொரு நுண்ணிய பள்ளத்திலும் புகுந்து பிடிக்கிறது. ஆனால் நசுங்கியபின் மெதுவாகவே நிமிர்வதால் உழைப்பை விழுங்குகிறது. விரைவில் தேய்ந்தும் போகிறது. ஆகவே நல்ல டயர்களில் நடுவே கடினமான ரப்பரும் ஓரங்களில் மென்மையான ரப்பரும் வைக்கிறார்கள்.

மற்றொன்று, ரப்பருக்குள் இருக்கும் நூல் அடுக்கு. ஓர் அங்குலத்துக்கு எத்தனை நூல் என்பதை டி.பி.ஐ. என்ற எழுத்துகளால் குறிப்பார்கள். 60 என்றால் தடித்த நூல். டயர் கனமாகவும் முரடாகவும் நீடித்து உழைப்பதாகவும் இருக்கும். 120 என்றால் மெல்லிய நூல்; டயர் இலேசாக, துணிபோல் வளைந்து கொடுக்கும்; ஆயினும் கூரிய கல்லின் முன் அதன் பக்கவாட்டுச் சுவர் எளிதில் கிழியும். சில நிறுவனத்தார் பல அடுக்குகளின் நூல்களையும் கூட்டிப் பெரிய எண்ணாகப் பொறிப்பதும் உண்டு. அதைக் கண்டு மயங்க வேண்டாம்.

எடைக்காக உறுதியை விற்றுவிடாதீர்கள் என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். 29 அங்குலக் கிராஸ் கன்ட்ரி டயர் ஒன்று ஏறத்தாழ 600 முதல் 750 கிராம் வரை இருக்கும். 100 கிராம் குறைந்த டயரை ஒருவர் வாங்குகிறார். ஆளும் வண்டியும் சேர்ந்த 90 கிலோவில் அது 900இல் ஒரு பங்கு. ஆகவே 15 நிமிடம், அதாவது 900 நொடி ஏறும் மலையில் அவருக்கு மிஞ்சுவது ஏறத்தாழ ஒரே நொடி. சக்கரத்தின் விளிம்பில் இருக்கும் எடை, வேகம் எடுக்கும்போது மட்டும் இரு மடங்கு கனக்கும் என்பது உண்மை. சீராக ஏறும்போது அந்த வேறுபாடும் இல்லை. ஒரு நொடியைச் சேமிக்க மெல்லிய டயர் பூட்டியவர், வழியில் ஒருமுறை பஞ்சரானால் எத்தனை நிமிடம் இழப்பார்? எண்ணிப் பாருங்கள்.

பாரிஸில் நடந்தது

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தப் போட்டி எலான்கூர் குன்றில் நடைபெற்றது. பாரிஸைச் சூழ்ந்த இல் தெ பிரான்ஸ் வட்டாரத்திலேயே உயரமான இடம் அது, 231 மீட்டர். பாதையில் சரளைக்கல் பரப்பியிருந்தனர்.

ஜூலை 28 அன்று மகளிர் போட்டி. பிரான்சின் பொலின் ஃபெரான் பிரவோ யாரும் நெருங்க இயலாதபடி முன்னே சென்று தங்கம் வென்றார். பதக்கம் பெறும் இடத்தில் வந்துகொண்டிருந்த நெதர்லாந்தின் பக் பீட்டர்ஸுக்கு டயர் பஞ்சராயிற்று. அவர் நான்காவதாக முடித்தார். நான்காண்டு உழைப்புக்கும் பதக்கத்துக்கும் நடுவே நின்றது ரப்பரில் விழுந்த ஒரு துளை.

மறுநாள் ஆடவர் போட்டி. பிரிட்டனின் டாம் பிட்காக்கின் முன்டயர் நடுவழியில் காற்றிழந்தது. சக்கரம் மாற்றும் இடம் வரை தட்டுத் தடுமாறி வந்து, புதுச் சக்கரம் பூட்டிப் புறப்படுவதற்குள் அரை நிமிடத்துக்கும் மேல் போய்விட்டது. ஒவ்வொருவராகக் கடந்து சென்று, கடைசிச் சுற்றில் பிரான்சின் விக்டர் கொரெட்ஸ்கியையும் முந்தி, 9 நொடி வேறுபாட்டில் அவர் தங்கம் வென்றார். அவருக்குச் சக்கரத்தோடு உதவியாளர்கள் காத்திருந்தனர். ஆளரவமற்ற மலைப்பாதையில் செல்லும் நம் பிள்ளைக்கு யார் காத்திருப்பார்? ஆகையால் போட்டியாளர் பூட்டும் டயரையே நாமும் பூட்ட வேண்டும் என்று எண்ணுவது பொருத்தமன்று. சற்றுக் கனமான, பக்கவாட்டு உறுதி மிகுந்த டயரே தனியே செல்பவருக்குத் துணை.

டியூப் உண்டா, இல்லையா?

டியூப் உள்ள டயரில் அழுத்தம் குறைந்திருக்கும்போது கல்லில் மோதினால், கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கி, பாம்பு கடித்தாற்போல் இரண்டு துளைகள் விழும். இதற்கு அஞ்சியே முன்னர் மிகுந்த அழுத்தம் வைத்தனர். 1999இல் பிரான்சின் மாவிக் நிறுவனம் ஹட்சின்சன், மிஷலின் ஆகியவற்றோடு சேர்ந்து மலைச் சைக்கிளுக்கென டியூப் இல்லாத டயர் முறையைக் கொண்டு வந்தது. டயரின் ஓரம் ரிம்மோடு காற்றுப் புகாதபடி இறுகிக்கொள்ளும். உள்ளே ரப்பர்ப்பால் கலந்த அடைப்புத் திரவம் ஊற்றப்படும். முள்ளோ ஆணியோ குத்தினால், வெளியேறும் காற்றோடு திரவமும் ஓடிச் சென்று உறைந்து துளையை மூடிவிடும். முள் மிகுந்த பாதையில் செல்வோருக்கு இது பெரிய ஆறுதல். டியூப் இல்லாததால் அழுத்தத்தையும் குறைக்கலாம், பிடிப்பும் கூடும்.

இதற்கும் பராமரிப்பு வேண்டும். அந்தத் திரவம் சில மாதங்களில் உலர்ந்துவிடும். வெப்பம் மிகுந்த ஊர்களில் இன்னும் விரைவாக உலரும். அவ்வப்போது வால்வு வழியே மீண்டும் ஊற்ற வேண்டும். பக்கவாட்டில் பெரிய கிழிசல் விழுந்தால் திரவம் உதவாது. ஆதலால் டியூப் இல்லாத டயர் பூட்டியவரும் பையில் ஒரு டியூபும், கைப்பம்பும், டயர் கழற்றும் நெம்பியும் வைத்திருப்பது கடமை. இத்தனையும் பார்க்க இயலாதவர்கள் டியூபோடு ஓட்டுவதில் குறை ஒன்றுமில்லை.

காசில்லாத மாற்றம்

டயரை மாற்றப் பணம் வேண்டும். காற்றின் அளவை மாற்றக் காசு வேண்டாம். இருந்தும் நம்மில் பலர் டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, “கல்லுப் போல் இருக்கிறது, போதும்” என்று விட்டுவிடுகிறோம். மலைப்பாதைக்கு அது தவறு. டயரில் பொறித்துள்ள உச்ச அழுத்தம் அதற்கு மேல் போகக் கூடாது என்ற எல்லையே; அதுவரை அடைக்க வேண்டும் என்ற கட்டளை அன்று.

75 கிலோ எடையுள்ளவர், டியூப் இல்லாத 29 x 2.25 டயரில் முன்னே 20, பின்னே 22 அல்லது 23 பி.எஸ்.ஐ. என்று தொடங்கலாம். டியூப் இருந்தால் சில பி.எஸ்.ஐ. கூட்டிக்கொள்ள வேண்டும். எடை குறைந்தவர்களும் சிறு பிள்ளைகளும் குறைத்துக்கொள்ள வேண்டும். பிறகு தெரிந்த ஒரு பாதையில் மும்முறை ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு பி.எஸ்.ஐ. குறையுங்கள். வளைவில் டயர் நெளிவதாகவோ, கல்லில் ரிம் இடிப்பதாகவோ உணர்ந்தால், அங்கிருந்து ஒன்றோ இரண்டோ கூட்டுங்கள். அதுவே உங்கள் அளவு. அதை ஒரு தாளில் குறித்து, வண்டி நிறுத்தும் இடத்தில் ஒட்டி வையுங்கள். அழுத்தம் காட்டும் சிறு கருவி ஒன்று வீட்டில் இருப்பது நல்லது. பெட்ரோல் நிலையத்துப் பெரிய இயந்திரத்தில் சைக்கிளுக்குக் காற்றடைக்க வேண்டாம். அது நொடியில் நிரப்பி டயரை வெடிக்கச் செய்யக் கூடும்.

பெற்றோர்களுக்கு

உங்கள் பிள்ளை மலைச் சைக்கிள் கேட்டால் முதலில் வினவ வேண்டியது இது: “எங்கே ஓட்டப் போகிறாய்?” பள்ளிக்கும் கடைத்தெருவுக்கும் தார்ச்சாலையில் செல்வதற்கு என்றால், நடுவில் தொடர்ச்சியாக ஒரே வரி போல் ரப்பர் ஓடும் டயரை வாங்கிக் கொடுங்கள். காலையில் பிள்ளை களைக்காமல் பள்ளிக்குச் செல்வான், மழைநாளிலும் பிடிப்பிருக்கும். மண்பாதை, வரப்பு, குன்று என்றால் மேலே சொன்ன முறைப்படி மண்ணைப் பார்த்து வாங்குங்கள். இரண்டு டயர்களையும் ஒருசேர வாங்கப் பணம் இல்லையென்றால், நல்லதை வாங்கி முன்சக்கரத்தில் பூட்டுங்கள். முன்னே இருந்த பழையது பின்னே போகட்டும். தேய்ந்ததை முன்னேயும் புதியதைப் பின்னேயும் பூட்டுவது பல கடைகளில் நடக்கும் வழக்கம். பின்டயர்தான் விரைவில் தேய்கிறது என்பதால் அங்கே புதியதைப் போட்டுவிடுகிறார்கள். மலைப்பாதையில் செல்லும் பிள்ளைக்கு அது ஆபத்து. “முன்னே போட்டுத் தாருங்கள்” என்று நீங்களே கேட்டு வாங்குங்கள்.

வாரம் ஒருமுறை சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பாருங்கள். பட்டனின் விளிம்பு மழுங்கியிருக்கிறதா, அடியில் வெடிப்பு விட்டிருக்கிறதா, பக்கவாட்டில் நூல் வெளியே தெரிகிறதா என்று நோக்குங்கள். நூல் தெரிந்த டயரை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் மாற்றுங்கள். இதற்கு ஐந்து நிமிடம் போதும். வாப்பாவுக்கு நேரமில்லையென்றால் உம்மா பார்க்கலாம். பிள்ளைக்கே கற்றுக்கொடுத்தால் இன்னும் நன்று. தன் வண்டியின் டயரைத் தானே பார்க்கத் தெரிந்த பிள்ளை, பாதையில் இறங்கும் முன்னும் ஒரு கணம் நின்று மண்ணைப் பார்ப்பான்.